பல பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளல்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும் (தரம் 10, 11)
பகுதி: விபத்துத் தடுப்பும் முதலுதவியும்



விபத்துத் தடுப்பு என்ற பகுதியை உங்களில் பலர் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறீர்கள். முதலுதவியின் நோக்கங்களைக் கேட்டால் வரிசையாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, "இந்நிலையில் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் இந்தப் பாடத்தை நாங்கள் ஒரு சம்பவத்தில் இருந்தே படிப்போம். அது உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடியது.

சென்ற தவணையில் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். கடந்த ஒரு மாதத்துக்குள் மூன்று பிள்ளைகளுக்கு மேல் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. ஆண் பிள்ளைகளின் கைகளும் இருந்தன. நான் வியப்படையவில்லை. நமது புத்தளம் மாவட்டத்தின் கரையோர வாழ்க்கை அப்படிப்பட்டது. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குப் போயிருக்கிறார். தந்தை கடலில் இருக்கிறார். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. கற்பிட்டிப் பக்கம் வெங்காயம் பிடுங்கும் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உங்களிடம் வந்து சேர்வார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, தலவில புனித அன்னம்மாள் திருவிழா, கந்தூரி, கல்யாண வீடு என்று வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். "பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்ற ஒரு வசனத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர் உங்கள் தலையில் விழுவார்கள்.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து முகாம்களில் குடியேறின. மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களும் உண்டு. பெரியவர்கள் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். ஓலைக் கொட்டில்களில் இருந்த சிறு பிள்ளைகளை அக்கம்பக்கத்துத் தாத்தாமாரும் நானாமாரும்தான் பார்த்துக்கொண்டார்கள். என் தாயும் அப்படிப் பார்த்துக்கொண்டவர். அவருக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அதன் விளைவைக் கீழே பாருங்கள்.

சம்பவம்

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஆண்டு. கற்பிட்டி வீதியில் ஒரு கல்யாண வீடு. பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைக்கும் நேரம். பெரியவர்களுக்குக் கை ஓயவில்லை. நாங்கள் நான்கு பெண் பிள்ளைகள், பின் வளவில் சிறுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பெயருக்குத்தான். ஒருத்தி மருதாணிக் கையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். இருவர் மணப்பெண்ணின் சாரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வந்து, "தம்பி எங்க?" என்று கேட்டது. மூன்று வயதுத் தம்பி. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் அவளோடு இருக்கிறான் என்று நானும், என்னோடு இருக்கிறான் என்று அவளும் நினைத்திருந்தோம். மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிறகு எண்ணிப் பார்த்தபோது பதின்மூன்று.

வேலிக்கு அப்பால் ஒரு வெங்காயத் தோட்டம். அங்கே நமது மணல் நிலத்தில் தோண்டப்படும் தோட்டக் கிணறு ஒன்று இருந்தது. அகன்ற வாய், சுற்றிக் கட்டு இல்லை. தம்பி அதன் விளிம்பில் குந்திக்கொண்டு ஒவ்வொரு சிப்பியாகத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு வயதானவர் சத்தம் போடாமல் பின்னால் வந்து அவனை அள்ளித் தூக்கினார். அன்று மாலை எனக்குக் கிடைத்த ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஏசியவர்கள் எவரும், எத்தனை பிள்ளைகளை ஒப்படைத்தோம் என்று தாங்களும் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிழை எங்கே?

கவனிக்க, அங்கே ஆள் பற்றாக்குறை இருக்கவில்லை. நால்வர் இருந்தோம். "எல்லாரும் பார்க்கிறோம்" என்று இருந்ததால்தான் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் வைத்திருப்பவரின் கண் அந்தப் பிள்ளையிலேயே இருக்கும். பிள்ளைகள் பலரானால் அழுபவரிடமும் அடிபடுபவரிடமும் கண் போய்விடும். சத்தமில்லாமல் விலகிப் போகும் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கும் பிள்ளை. இதை விடையில் ஒரு வசனமாக எழுதக்கூடியவாறு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பொறுப்பு ஏற்கும்போதே எண்ண வேண்டும். பிள்ளைகளை ஒப்படைப்பவரின் முன்னிலையில், வாய்விட்டு, பெயர் சொல்லி எண்ணுங்கள். "மாமி, ஒன்பது பேர் இருக்கிறார்கள், சரிதானே?" என்று கேளுங்கள். இடையில் ஒரு தாய் வந்து தன் பிள்ளையைக் கூட்டிப்போனால், "இப்போது எட்டு" என்று அவரிடமே சொல்லுங்கள். அதன் பின் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். விளையாட்டு மாறும்போதும், சாப்பிட அமரும்போதும், ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போதும் மறுபடி எண்ணுங்கள். பிள்ளைகளுக்கே இலக்கம் கொடுத்து, நீங்கள் கைதட்டியதும் ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைக் கத்தச் சொல்லலாம். அவர்களுக்கு அது விளையாட்டு, உங்களுக்கு அது இடாப்பு.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்ப்பதானால் பிள்ளைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இந்த நால்வர் என்னுடையவர்கள், அந்த ஐவர் உன்னுடையவர்கள்" என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். எழுந்து போக வேண்டியிருந்தால், "என் நால்வரையும் நீ எடுத்துக்கொள்" என்று சொல்லி, மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகே எழும்ப வேண்டும். தலையசைப்புப் போதாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறியவரைச் சோடியாக்கலாம். ஆனால் அது உதவி மட்டுமே. எட்டு வயதுப் பிள்ளையிடம் பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம்? ஒப்பீட்டுக்காக ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களானால் பொதுவாக எட்டுப் பேருக்கு ஒருவர். அதுவும் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் வளர்ந்தவர்களுக்கு, வேலியும் பூட்டும் உள்ள கட்டடத்தில். பதினைந்து வயதுள்ள உங்களிடம், திறந்த வளவில் பன்னிரண்டு பேரை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய சுமை என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளுங்கள்.

நீர்நிலைகள்

நமது மாவட்டத்துக்கு இந்தப் பகுதியே முக்கியமானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். தலவிலவின் ஓகஸ்ட் திருவிழா அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. பாலாவிப் பக்கம் உப்பளப் பாத்திகள், முந்தல், உடப்புப் பக்கம் இறால் வளர்ப்புக் குளங்கள். 1990களில் வெண்புள்ளி நோய் வந்து இறால் பண்ணைகள் பல நட்டமடைந்தன. கைவிடப்பட்ட குளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இவற்றோடு தோட்டக் கிணறுகள், மலசல கூடக் குழிக்கு வெட்டிய பள்ளம், குளியலறை வாளி.

வாளி என்றதும் சிரிக்க வேண்டாம். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தலைப் பாரம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழும்ப முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். இன்னொரு முக்கிய விடயம், நீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில் போலக் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த முடியாது. சத்தம் கேட்டால் ஓடலாம் என்று முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பவருக்கு அந்தச் சத்தம் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். இதற்கு ஒரு வழியைப் பங்களாதேஷ் காட்டியது. அங்கே கிராமமெங்கும் குளங்கள். தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்திலேயே சிறு பிள்ளைகள் அதிகம் இறந்தனர். எனவே காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை கிராமத்துப் பிள்ளைகளை ஒரு வீட்டில் கூட்டி, அதே கிராமத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, உதவிக்கும் ஒருவரை வைத்துப் பார்க்கச் செய்தார்கள். அந்த இடத்துக்கு "ஆஞ்சல்" என்று பெயர். வங்காளத்தில் அதற்குச் சேலை முந்தானை என்று பொருள். அங்கு சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 வீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. விலை உயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு வேலியும், அந்த நேரத்தில் வேறு வேலை செய்யாத ஒருவரும் மட்டுமே.

உங்கள் வளவில் அதைச் செய்யலாம். பிள்ளைகள் வரு முன் சுற்றி நடந்து பாருங்கள். வாளிகளைக் கவிழுங்கள். கிணற்றுப் பக்கம் போகும் படலையைக் கட்டுங்கள். ஒரு பாயை விரித்து, அல்லது மண்ணில் கோடு கீறி, எல்லையைக் காட்டுங்கள். கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். பல பேரோடு தனியாக இருக்கும்போது கடற்கரைக்கே கூட்டிப்போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டால் முதலில் உரத்துக் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். பிறகு தடியை, சாரத்தை, கயிற்றை எட்டிக் கொடுங்கள். மூடிய வெறும் பிளாஸ்டிக் கான் நன்றாக மிதக்கும், அதை எறியலாம். மீட்பில் பயிற்சி இல்லாமல் ஆழத்தில் இறங்க வேண்டாம். மூழ்குபவர் உங்களையும் இழுத்துவிடுவார், கரையில் உள்ள மற்ற எட்டுப் பிள்ளைகளும் ஆளின்றி நிற்பார்கள். கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் பிழை. ஊரில் இன்னும் செய்கிறார்கள், மரியாதையோடு தடுத்துவிடுங்கள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை மூச்சைக் கொடுத்து, பின்னர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். மார்புத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்தம் இறங்க வேண்டும். இன்னொருவர் அதே நேரத்தில் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. நமது ஊரில் அந்த எண்ணை யாரும் மறக்க மாட்டார்கள்.

பிள்ளை எழுந்து இருமிக் கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் விடையில் சேருங்கள்.

ஏனைய ஆபத்துகள்

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வையுங்கள். ஓடிக்கொண்டே கச்சான் தின்னும் பிள்ளைக்கு அது மூச்சுக் குழாயில் இறுகிவிடும். றம்புட்டான் விதை, முழுத் திராட்சை, வெடித்த பலூன் துண்டு ஆகியனவும் அப்படியே. இறுகிய பிள்ளை இருமினால் இருமவிடுங்கள். இரும முடியாமல் போனால் முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. பலனில்லையேல் ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்கு மேல் வயிற்றில் ஐந்து உள்நோக்கிய அழுத்தம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. மார்பின் நடுவில் அழுத்த வேண்டும்.

மண்ணெண்ணெயும் பீடைநாசினியும் சோடாப் போத்தலில் இருந்தால் பிள்ளைக்கு அது சோடாதான். மண்ணெண்ணெய் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது சுவாசப்பைக்குள் போய்விடும். எரிகாயத்துக்குப் பற்பசை பூசுவது மிகப் பரவலான பிழை. ஓடும் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் விடுவதே சரி. இங்கே ஒரு செய்தி, பொது அறிவுக்கும் உதவும். குப்பி விளக்குச் சரிந்து எரிகாயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து சலித்த நமது நாட்டுச் சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, உருளாத, திருகு மூடி கொண்ட குட்டை விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் விடயத்திலும் கண்டிப்பு வேண்டும். ஒப்படைத்தவர் பெயர் சொல்லாத ஒருவரோடு, அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், பிள்ளையை அனுப்ப வேண்டாம். "கேட்டுவிட்டு அனுப்புகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. ஒரு பிள்ளையை எவரும் தனியாக மறைவிடத்துக்குக் கூட்டிப்போக விடாதீர்கள். பிள்ளை ஏதாவது சொல்லி அழுதால் நம்பிக் கேளுங்கள், பெரியவரிடம் சொல்லுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம். நீங்களும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த சிறுவர்தான் என்பதை மறக்க வேண்டாம். அடம்பிடிக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை உங்கள் கண்ணில் படாத இடத்தைத்தான் தேடிப் போகும்.

மாதிரி வினா

"பெருநாள் அன்று 16 வயதான மாணவி ஒருவரிடம் ஒன்றரை வயது முதல் ஏழு வயது வரையான பத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஓர் உறவினர் வீட்டுக்குப் புறப்படுகின்றனர். வளவில் கட்டில்லாத கிணறு உள்ளது. அம்மாணவி செய்யவேண்டியன யாவை?"

பலர் "கிணற்றை மூட வேண்டும், கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கவனமாக இருத்தல் என்பது விடையல்ல. என்ன செய்தால் கவனம் என்று எழுத வேண்டும். நல்ல விடை இப்படித் தொடங்கும்: "பத்துப் பேரைத் தனியாகப் பொறுப்பேற்க முடியாது எனப் பெரியவர்கள் புறப்படு முன் பணிவாகக் கூறி, வளர்ந்தவர் ஒருவரை உடனிருக்குமாறு அல்லது மூன்று வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிச் செல்லுமாறு கேட்டல்." இதை எழுத மாணவர்கள் தயங்குகிறார்கள். பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதாக நினைக்கிறார்கள். "முடியாது" என்று மட்டும் சொன்னால் அது எதிர்ப்பேச்சாகக் கேட்கலாம். "மாமி, சின்ன மூன்று பேரை நீங்கள் கூட்டிப் போனால் மற்ற ஏழு பேரையும் நான் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன்" என்று சொன்னால் அது கணக்கு. அதன் பின் பெயர் சொல்லி எண்ணுதல், பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கிணற்றுப் பக்கக் கதவைப் பூட்டுதல், தொலைபேசி இலக்கங்களைச் சுவரில் எழுதி வைத்தல், எந்நேரம் திரும்புவார்கள் எனக் கேட்டறிதல் என்று தொடரலாம்.

பயிற்சி

1. மேற்கண்ட கல்யாண வீட்டுச் சம்பவத்தில், நால்வரும் செய்திருக்க வேண்டிய பொறுப்புப் பிரிப்பை அட்டவணையாக எழுதுக. பிள்ளைகள் பதின்மூவர், அவர்களுள் ஒருவர் கைக்குழந்தை.

2. நீரில் மூழ்கிய பிள்ளையின் வயிற்றை அமுக்குவது ஏன் பிழையானது? அதைச் செய்யும் ஒரு பெரியவரிடம் நீர் என்ன கூறுவீர்? உம் ஊர்ப் பேச்சிலேயே இரண்டு வசனங்கள் எழுதுக.

3. உமது வீட்டு வாசலில் இருந்து நூறு அடிக்குள் உள்ள நீர் நிற்கும் இடங்கள் அனைத்தையும் நடந்து பார்த்து ஒரு வரைபடம் வரைக. கட்டோ வேலியோ மூடியோ இல்லாதவற்றைச் சிவப்பால் குறிக்க. வரைபடத்தை வகுப்புக்குக் கொண்டுவரு முன் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குக் காட்டிக் கையொப்பம் பெறுக.